காலைக் கோப்பையும் கிரிக்கெட் மட்டையும்

வடசென்னையின் எந்தப் பெட்டிக்கடை முன்னால் நின்று மேலே பார்த்தாலும் ஷாம்பு, ஊறுகாய், காபித்தூள் சரங்களுக்கு நடுவே ஹார்லிக்ஸ், பூஸ்ட் பாக்கெட்டுகளும் தொங்கும். கல்மண்டபம், காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று எங்கும் இதுதான். கார்ன்ஃபிளேக்ஸ் அட்டைப்பெட்டியை அந்தக் கடைகளில் பார்ப்பது அரிது. அது வேண்டுமென்றால் சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். அமெரிக்க வீடுகளில் பெட்டியிலிருந்து கொட்டிப் பால் ஊற்றிச் சாப்பிடும் தானிய உணவு பிடித்த இடத்தை, தமிழ்நாட்டில் பாலில் கலக்கும் மால்ட் மாவு பிடித்துக்கொண்டது. விளையாட்டு வீரரையும் விளம்பரப் பாட்டையும் கொண்டு காலை உணவை விற்ற கதையை இங்கே தேடினால், அது பூஸ்ட் புட்டியில்தான் கொண்டுபோய் விடும்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். விளம்பரம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்கிறது ஒரு கட்சி. பாட்டுதானே, கேட்டுவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம் என்கிறது இன்னொன்று. இரண்டுமே பாதி உண்மை. எனக்குப் படுவது இதுதான்: விளையாட்டும் இசையும்தான் இந்த மாவுகளுக்குத் தெம்பு கொடுத்தன. மாவு அவற்றுக்குத் திருப்பிக் கொடுத்தது மிகக் கொஞ்சம். வடசென்னை போல வீரர்களும் பாட்டுக்காரர்களும் தெருவுக்குத் தெரு இருக்கிற பகுதியிலிருந்து பார்த்தால்தான் இந்தக் கணக்கு சரியாகத் தெரியும்.

விளம்பரத்துக்குப் பாட்டுக் கட்டும் வழக்கமே ஒரு காலை உணவில்தான் தொடங்கியது என்று சொல்லலாம். 1926 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, அமெரிக்காவின் மினியாபொலிஸ் வானொலியில் நான்கு ஆண்கள் சேர்ந்து வீட்டீஸ் என்ற கோதுமை அவலைப் பற்றி ஒரு சின்னப் பாட்டுப் பாடினார்கள். மூன்று ஆண்டுகளில் சரக்கு விற்கவில்லை என்று அதை நிறுத்திவிடும் யோசனை நிறுவனத்துக்கு வந்தது. அப்போது கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். நாடு முழுக்க விற்ற 53,000 பெட்டிகளில் 30,000 பெட்டிகள் அந்தப் பாட்டு ஒலித்த மினியாபொலிஸ் வட்டாரத்தில் மட்டும் விற்றிருந்தன. நிறுத்தும் யோசனையைக் கைவிட்டு, பாட்டை நாடெங்கும் கொண்டுபோனார்கள். அடுத்து விளையாட்டைப் பிடித்தார்கள். 1933இல் பேஸ்பால் மைதானத்தில் பலகை வைத்து, வீரர்களின் காலை உணவு என்று தங்களை அறிவித்துக்கொண்டார்கள். 1934இல் லூ கெரிக் என்ற ஆட்டக்காரரின் படம் பெட்டியில் வந்தது. அதே 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் உருவாக்கிய மைலோவுக்கு, பழங்கால கிரேக்க மல்லர் ஒருவரின் பெயரையே வைத்தார்கள். மறு ஆண்டு ஓவல்டின் நிறுவனம் ரேடியோ லக்சம்பர்க்கில் பிள்ளைகளுக்கென்று பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. இன்றைக்கும் கையாளப்படும் வித்தை அத்தனையும் அந்தப் பத்து ஆண்டுகளுக்குள்ளேயே பிறந்துவிட்டது.

நம் பக்கத்துக்கு அது இலங்கை வழியாக வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக கொழும்பில் நிறுவிய வலுவான ஒலிபரப்புக் கருவி போர் முடிந்ததும் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்த, நேயர்கள் மொத்தமாகக் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். அங்கே பாட்டோடு விளம்பரமும் வந்தது. இந்தி நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற அமீன் சயானியின் வானொலி வாழ்க்கை ஓவல்டின் பெயரில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் விளம்பரம் வாசித்ததில் தொடங்கியது. சம்பளம் என்று வாரம் ஒரு ஓவல்டின் டப்பா கிடைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

தமிழ் நேயர்களுக்கு மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று குரல்கள் வாய்த்தன. கோபால் பல்பொடி முதல் கைக்கடிகாரம் வரை அந்தக் குரல்களில்தான் ஊருக்குள் நுழைந்தன. கடல் தாண்டி வரும் அலைவரிசை கரையோரத்தில் தெளிவாகக் கேட்கும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வானொலிப் பெட்டி வைத்திருந்த டீக்கடைக்கு அது பெரிய கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது. இந்திய வானொலி விளம்பரத்துக்கு இடம் கொடுத்தது 1967இல்தான், தூர்தர்ஷன் 1976இல். அதற்குள் ஒரு தலைமுறைக்கு விளம்பரமும் பாட்டும் ஒன்றாகவே காதில் பதிந்துவிட்டன.

ஆனால் ஹார்லிக்ஸ் அன்றைக்கு விளையாட்டுக்காரரின் பானம் கிடையாது. அது நோயாளியின் பானம். ஸ்டான்லி மருத்துவமனையிலோ ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியிலோ யாரையாவது பார்க்கப் போகிறவர்கள் ஒரு ஹார்லிக்ஸ் புட்டியும் ரொட்டியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போவது ஊர் மரியாதை. வெறுங்கையோடு போனால் உறவு கோபித்துக்கொள்ளும். புட்டி காலியானதும் அடுக்களையில் அது பருப்பு, புளி போட்டு வைக்கிற பாத்திரமாகிவிடும். பஞ்சாபின் நாபாவிலும் பிறகு ராஜமுந்திரியிலும் ஆலை வந்தபின் சரக்குத் தாராளமாகக் கிடைத்தது. தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பால் தட்டுப்பாடு இருந்த காலம் அது. தண்ணீராக இருக்கும் பாலையும் இந்த மாவு கெட்டியாக்கி மணம் கொடுத்தது. இந்தியாவில் மால்ட் பானங்கள் வேரூன்றியது தெற்கிலும் கிழக்கிலும்தான் என்பதற்கு இதுவே முதல் காரணம். பாட்டும் கிரிக்கெட்டும் பின்னால் வந்து சேர்ந்தவை.

பிழைத்தெழுந்தவரின் பானத்தைத் துள்ளி ஓடும் பிள்ளையின் பானமாக மாற்ற வேண்டியிருந்தது. அதற்குத்தான் அதே நிறுவனம் 1970களில் பூஸ்டை இறக்கியது. 1983 ஜூன் 25ஆம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் கபில் தேவ் உலகக் கோப்பையைத் தூக்கினார். தொலைக்காட்சி அப்போதுதான் வீடு வீடாகப் பரவிக்கொண்டிருந்தது. கபில் பூஸ்ட் விளம்பரத்துக்கு வந்து, தன் சக்தியின் ரகசியம் எது என்று ஒரே வரியில் சொன்னார். கூட ஒரு சிறுவன் நின்றான். அந்தச் சிறுவனின் இடத்துக்குச் சில ஆண்டுகளில் நிஜமாகவே ஒரு சிறுவன் வந்தான். 16 வயதில் கராச்சியில் டெஸ்ட் ஆடிய சச்சின் டெண்டுல்கர்தான் அது. பிறகு சேவாக், தோனி, கோலி. ஒரு பொருள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வரியை அணித் தலைவர்களின் வாயில் மாற்றி மாற்றி வைத்தது போல இந்திய விளம்பரத்தில் வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதில் வேலை செய்தது சுவையைப் பற்றிய பேச்சே இல்லை. சச்சின் நூறு அடிக்கிறார், கையில் கோப்பை இருக்கிறது. நூறுக்குக் காரணம் கோப்பை என்று பார்க்கிற பிள்ளையே முடிவு கட்டிக்கொள்கிறது. ஷிவாஜி பூங்காவில் ரமாகாந்த் ஆச்ரேக்கர் என்ற ஆசிரியர் வெயிலில் நிற்க வைத்துப் பயிற்சி கொடுத்ததும், காலையும் மாலையும் சளைக்காமல் ஆடிய ஆட்டங்களும் அந்த முப்பது விநாடிக்குள் வராது. உழைப்பு மறைந்து பொடி மட்டும் தெரிகிறது. விளையாட்டை நேசிக்கிற யாருக்கும் இது வருத்தம் தர வேண்டும்.

அந்தக் காலத்துப் பூஸ்ட் விளம்பரத்துக்கு இசை கோத்தவர் ஒரு சென்னை இளைஞர். 1987 வாக்கில் விளம்பரங்களுக்கு வாசிக்கத் தொடங்கிய ஏ.ஆர். ரகுமான், ரோஜா வருவதற்கு முன்பே லியோ காபி, பாரி, டைட்டன், பூஸ்ட் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட விளம்பரங்களுக்கு இசையமைத்துவிட்டார். லியோ காபிக்குப் போட்ட இசைதான் மணிரத்னத்தின் அறிமுகம் வரை அவரை அழைத்துப் போனது. சில விநாடிக்குள் ஒரு மெட்டைக் காதில் ஒட்ட வைக்கும் பயிற்சி அவருடைய சினிமாப் பாட்டுகளின் தொடக்க இசையிலெல்லாம் தெரிகிறது. விளம்பரம் தமிழ் இசைக்கு உருப்படியாகக் கொடுத்தது ஒன்று உண்டென்றால் இதுதான். இளைஞர்களுக்குக் கூலி கொடுத்துப் பரிசோதனை செய்ய விட்ட பள்ளிக்கூடமாக அது இருந்தது. இந்தப் பங்கை மறைத்துவிட்டு விளம்பரத்தை மட்டும் திட்டுவது நேர்மையாகாது.

சச்சினின் கையில் பூஸ்ட் இருந்தது போல, அவருடைய மட்டையில் திருவொற்றியூர் இருந்தது. 1946இல் அங்கே ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அது டயர் நிறுவனமாக வளர்ந்து எம்.ஆர்.எஃப். ஆனது. 1996 உலகக் கோப்பையில் ஒட்டுப்பெயர் இல்லாத மட்டையோடு ஆடிய சச்சினை அந்த நிறுவனம்தான் பிடித்துக்கொண்டது. நாடு முழுக்கச் சிறுவர்கள் தங்கள் மட்டையில் அந்த மூன்றெழுத்தைப் பேனாவால் எழுதிக்கொண்டார்கள். அது திருவொற்றியூர்ப் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அந்த நிறுவனம் 1987இலேயே டென்னிஸ் லில்லியை அழைத்துவந்து சென்னையில் வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியது. ஸ்ரீநாத், ஜாகீர் கான் முதல் கிளென் மெக்ரா வரை அங்கே தேறினார்கள். விளையாட்டால் பெயர் சம்பாதித்த ஒரு நிறுவனம் விளையாட்டுக்குத் திருப்பிக் கொடுத்ததற்கு இது நல்ல சான்று. மால்ட் மாவு விற்றவர்கள் அப்படி நாடறிந்த பயிற்சிக்கூடம் எதையும் சென்னையில் விட்டுவைக்கவில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே பள்ளி விளையாட்டு விழாவுக்கு மைலோ வண்டி வந்து, ஓடியவர் தோற்றவர் எல்லாருக்கும் குளிர்ந்த கோப்பை கொடுக்கும். அங்கு வளர்ந்த தமிழர்களைக் கேட்டால் ஓட்டத்தில் எந்த இடம் வந்தோம் என்பது மறந்திருக்கும், அந்த வண்டி மறந்திருக்காது. வியாபாரம்தான். ஆனாலும் மைதானத்துக்கு வந்து நின்ற வியாபாரம்.

கெலாக்ஸ் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1994இல் இந்தியாவுக்கு வந்து, நம் காலை உணவு கனமானது, சத்துக் குறைவு என்ற தொனியில் பேசியது. சூடான பாலில் போட்ட அவல் ஊறிக் கூழாகிப்போனது. இட்லி தின்கிற வீட்டில் யாரும் அதைச் சீந்தவில்லை. பிறகு பிள்ளைகளுக்கு இனிப்பு ருசியைக் காட்டித்தான் அது கால் ஊன்றியது. இன்று எண்ணூரைத் தாண்டி வடக்கே போனால் தடாவுக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் அதற்கு ஓர் ஆலை இருக்கிறது. காம்ப்ளான், ஹார்லிக்ஸ் இரண்டும் பிள்ளையின் உயரத்தைச் சொல்லிப் போட்டியிட்டு நீதிமன்றம் வரை போன கதையும் ஊரறிந்தது. உயரம், வலிமை, புத்திக்கூர்மை மூன்றும் வளரும் என்ற ஹார்லிக்ஸ் விளம்பரத்தை 2008இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, ஆதாரம் போதாது என்று சொல்லி நிறுத்தியது. அதே பேச்சு இங்கே தங்கு தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இனி வடசென்னையின் வீரர்களைப் பார்ப்போம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் மோதிய குத்துச்சண்டை மேடைகள் இந்த மண்ணில்தான் இருந்தன. துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் ஆலைக்காரர்களும் அதில் இறங்கினார்கள். வியாசர்பாடியின் கால்பந்துத் திடல், சந்து முனையில் பல்பு வெளிச்சத்தில் நடக்கும் கேரம் ஆட்டம் என்று இன்றும் அது தொடர்கிறது. வியாசர்பாடியின் இளவழகி கேரமில் உலகப் பட்டம் வென்றார். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தது. 2019இல் லார்ட்ஸில், கபில் கோப்பை தூக்கிய அதே மைதானத்தில், தெருவோரச் சிறார்களுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையை இந்தியா தெற்கு அணி வென்றது. வடசென்னையில் இயங்கும் கருணாலயா இல்லத்துப் பிள்ளைகள் அந்த அணியில் ஆடினார்கள். சக்தியின் ரகசியம் என்ன என்று இந்தப் பிள்ளைகளை நிற்க வைத்து ஒரு மால்ட் நிறுவனம் எடுத்த விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. இவர்களை வளர்த்தது தெருவும், பயிற்சி கொடுத்த அண்ணன்மார்களும், துறைமுகம், ரயில்வே போன்ற இடங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் கொடுத்த வேலைகளும்தான்.

இவர்களைச் சுமந்த காலை உணவு எது? சூரியநாராயண செட்டி தெருவில் காலை ஏறுகிற நேரத்தில் கூழ் வண்டிகளைப் பார்க்கலாம். முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். நொய்யரிசியை வேகவிட்டு, அதில் புளித்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் கைவிடாது கிண்டி இறக்குவார்கள். இரவு முழுக்க அது ஆறிக் கிடக்கும். காலையில் ஒரு உருண்டை எடுத்து மோர் விட்டு, உப்பும் நறுக்கிய வெங்காயமும் போட்டுச் சொம்பில் கரைத்துக் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், மாங்காய்க் கீற்று, கருவாடு. "அக்கா, கெட்டியா ஒரு சொம்பு" என்று வலை இழுத்துவிட்டு வந்தவர் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போவார். மதியம் வரை வயிறு கேட்காது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே எடைப் பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எலும்பு வளர வேண்டும் என்று புட்டியைத் தேடுகிற தாய்க்கு இதை யாரும் பாட்டாகப் பாடிச் சொல்லவில்லை.

பாட்டே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆடி மாதம் வடசென்னையின் ஒவ்வொரு அம்மன் கோயிலிலும் பம்பையும் உடுக்கையும் அடிக்க, ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி பாட, அண்டா அண்டாவாகக் கூழ் வார்க்கிறார்கள். தானிய உணவும் இசையும் சேர்ந்த கூட்டு இங்கே விளம்பரத் தொழில் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அதில் வாங்குபவர், விற்பவர் என்ற பிரிவு இல்லை. அம்மன் சந்நிதியில் சொம்பு நீட்டிய எவருக்கும் கூழ் உண்டு. கானாவும் அப்படித்தான். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் அது தெருவுக்குச் சொந்தம். 2012இல் அட்டகத்தி படத்தின் வழியாக கானா பாலாவின் குரல் தமிழ்நாடு முழுக்கப் போனபின், விளம்பரக்காரர்களுக்கும் அந்தத் தாளத்தின் மேல் கண் விழுந்தது. தாளத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் அதைப் பாடுகிறவருக்குப் பெயரும் கூலியும் தருவதுதான் நியாயம்.

இன்னொரு பெரிய மாற்றம் விளம்பரம் இல்லாமலே நடந்திருக்கிறது. 1920இல் பிட்டி தியாகராயரின் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. அவர் பெயரால் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரி இன்றும் நடக்கிறது. அந்த வழியில் காமராஜர், எம்.ஜி.ஆர். திட்டங்கள் வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். வெறும் வயிற்றோடு வந்துகொண்டிருந்த திருவொற்றியூர், ராயபுரம் பிள்ளைகளுக்கு அது சூடாகக் கிடைக்கிறது. விடியற்காலையிலேயே ஏலத்துக்கும் ஷிஃப்டுக்கும் போய்விடுகிற அம்மாக்களுக்கு இதன் அருமை தெரியும். காலை உணவுக் கேள்விக்கு இதுவரை வந்த பதில்களில் இதையே நான் முதலில் வைப்பேன்.

சட்டம் மெதுவாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. போர்ன்விட்டாவின் சர்க்கரை பற்றி 2023இல் ஓர் இளைஞர் வெளியிட்ட காணொளி பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அந்த ஆண்டு இறுதியில் நிறுவனம் 100 கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த சேர்க்கப்பட்ட சர்க்கரையை 32.2 கிராமாகக் குறைத்தது. குறைத்த பிறகும் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரைதான். 2024 ஏப்ரலில் இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையிலிருந்து நீக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு ஒன்றிய அரசு சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே இல்லை என்பதுதான் காரணம். அத்தனை ஆண்டுகள் அந்தப் பெயரில்தான் விற்றார்கள். சிலி நாடு 2016இலேயே சர்க்கரை மிகுந்த தானிய உணவுப் பெட்டிகளிலிருந்து கார்ட்டூன் உருவங்களை எடுக்க வைத்துவிட்டது.

இந்தியாவில் 2022 ஜூன் மாதம் வந்த தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்களில் ஒரு நல்ல விதி இருக்கிறது. சட்டப்படி எச்சரிக்கை வாசகம் தேவைப்படும் பொருள்களையும் பிள்ளைகள் வாங்கக் கூடாத பொருள்களையும் இசை, விளையாட்டு, சினிமாப் பிரபலங்களைக் கொண்டு பிள்ளைகளிடம் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அது. மூன்று துறைகளையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை மிகுந்த பானங்களுக்கு அப்படி எச்சரிக்கை வாசகம் இன்னும் கட்டாயமாகவில்லை, ஆகவே இந்த விதி அவற்றைத் தொடவில்லை. பாக்கெட்டின் முன்பக்க எச்சரிக்கையை அரசு கட்டாயமாக்கினால் விதி தானாகவே இவற்றுக்கும் பொருந்தும். அதைச் செய்ய வேண்டும்.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிரிக்கெட் நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, வியாசர்பாடித் திடலுக்கு விளக்கும், காசிமேட்டுக்கு ஒரு கேரம் பயிற்சிக்கூடமும், ராயபுரத்துக்கு ஒரு குத்துச்சண்டை மேடையும் கட்டிக்கொடுங்கள். உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

பெற்றோரிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை புட்டி வாங்கும்போது பின்பக்கம் திருப்பி, 100 கிராமில் சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். பிள்ளைக்கு இட்லியோ முட்டையோ கூழோ கொடுத்து, சாயங்காலம் தவறாமல் விளையாட அனுப்புங்கள்.